பிரேக் தடம்

கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு காலையில் சைக்கிளில் போன பால்காரர் மீது வேன் மோதிவிட்டது. உயிர் தப்பினார், ஆனால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

"நாப்பதுல வந்தேன்" என்று அண்ணன் போலீசில் சொல்லியிருந்தான். வக்கீலும் அதையே சொல்லச் சொன்னார்.

ஜாமீனில் வந்ததும் என்னிடம் கேட்டான். "ரோட்டுல டயர் இழுத்த தடம் இருக்கு பாப்பா. அத வச்சு வேகம் கண்டுபிடிக்க முடியுமா?"

"நீதான நாப்பதுனு சொன்ன?"

"சொன்னேன். மீட்டர எங்க பாத்தேன்? எனக்கே தெரியல."

இருவரும் டேப் எடுத்துக்கொண்டு போனோம். ரோட்டோரம் நிலக்கடலை காயப்போட்டிருந்தார்கள். தடம் அதில் ஏறியிருந்தால் வழுக்கியிருக்கும், குறைந்த வேகத்துக்கே அவ்வளவு தூரம் இழுத்திருக்கும். அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் கறுப்புக் கோடு நடுரோட்டில் காய்ந்த தாரில் நேராகக் கிடந்தது. பதினெட்டு மீட்டர்.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கடைசி வேகம் பூஜ்யம். சக்கரம் பூட்டிக்கொண்டால் காய்ந்த தாரில் ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு ஏழு மீட்டர் குறையும் என்று வைத்துக்கொண்டேன். இரண்டையும் ஏழையும் பதினெட்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், பிரேக் பிடித்தபோது இருந்த வேகம் விநாடிக்குப் பதினாறு மீட்டர். மணிக்கு அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் கம்மி. மோதியதில் போன வேகத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் ஜாஸ்தியாகும். ஏழுக்குப் பதில் ஐந்து போட்டுப் பார்த்தேன். அப்போதும் நாற்பதுக்கு இறங்கவில்லை. வகுப்பில் இதே கணக்குக்கு விடை வந்ததும் அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். அன்று பேனாவைக் கீழே வைக்கவே தோன்றவில்லை.

"எவ்ளோ?" என்றான் அண்ணன்.

"அறுபது கிட்ட வருது. நாப்பதா இருந்தா இதுல பாதி தூரத்துலயே நின்னிருக்கும்."

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "மிச்சப் பாதியிலதான் அவர் இருந்தார்" என்றான்.

கேட்டுக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்த்து, "யார் உன்ன கணக்குப் போடச் சொன்னது?" என்றார்.

"நான்தாம்ப்பா கேட்டேன்" என்றான் அண்ணன்.

கோர்ட்டில் வக்கீல் தலையில் கை வைத்துக்கொள்ள, வேகமாகத்தான் வந்தேன் என்று ஒப்புக்கொண்டான். தண்டனை முடிந்து வந்தபின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

அவன் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அப்பா மட்டும் அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. பட்டம் வாங்கிய அன்று சான்றிதழை நீட்டினேன். "உங்கம்மாகிட்ட குடு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.