அமேர் இரண்டு சொட்டு

உரிமம் பெற்ற மதுக்கடையில் வயது நிரம்பாத எவருக்கும் மது விற்கக் கூடாது. வாங்க வந்த பிள்ளை, வீட்டிலுள்ள பெரியவருக்காகத்தான் வாங்குகிறேன் என்று சொன்னாலும் கூடாது. கலால் துறையில் சேர்ந்த புதிதில் நான் மனப்பாடம் செய்த விதி இது. இதன் இரண்டாவது வாக்கியம் எதற்கு என்று உடன் வேலை பார்த்தவர்கள் கேட்டதுண்டு. நான் கேட்கவில்லை. அது என்னையும் என் அண்ணனையும் போன்றவர்களுக்காக எழுதப்பட்டது. எங்கள் தெருமுனைப் பிராந்திக்கடைக்காரருக்கு மட்டும் அதை யாரும் படித்துக் காட்டவில்லை.

போன வாரம் வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிட்டான். அவன் அப்பாவின் பிறந்தநாளுக்கு விஸ்கி காக்டெயில் பரிசுப் பெட்டி ஒன்று அனுப்பப் போகிறானாம். எதை வாங்குவது என்று புரியாமல் நாலைந்து படங்களை எனக்கு அனுப்பியிருந்தான்.

"நீதானம்மா கலால்ல இருந்த. நீயே சொல்லு."

மதுவைச் சோதனை போடுகிறவர்களுக்கு அதன் ருசியும் தெரிந்திருக்கும் என்பது பொதுமக்களின் நம்பிக்கை. மது பாட்டிலைத் தபாலில் அனுப்புவதில் உள்ள சிக்கல்களை அவனுக்கு விரிவாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெட்டியில சரக்கே கிடையாதும்மா, மத்த சாமான் மட்டுந்தான்" என்றான். பிறகுதான் படங்களைச் சரியாகப் பார்த்தேன். கனமான கண்ணாடித் தம்ளர், ஐஸ் கட்டி வார்க்கும் அச்சு, சர்க்கரைக் கட்டிகள், ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கறுத்த குப்பி. அந்தக் குப்பியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

என் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். சைகோனில் அவர் துப்பாக்கி பிடித்ததைவிட அதிகாரிகளின் மெஸ்ஸில் தட்டுப் பிடித்ததுதான் அதிகம் என்பது அத்தையின் கணிப்பு. அங்கே கற்றுக்கொண்ட வித்தையை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் செய்வார். தம்ளரில் ஒரு சர்க்கரைக் கட்டியைப் போட்டு, அதன்மேல் ஒரு சின்னக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விடுவார். அந்தக் குப்பியில் இருந்ததற்கு அவர் சொன்ன பெயர் அமேர். சர்க்கரையைக் கரண்டியால் நசுக்கி, விஸ்கி ஊற்றி, ஐஸ் போட்டு, கமலா ஆரஞ்சுத் தோலை விளிம்பில் தேய்த்து உள்ளே நழுவ விடுவார். ஒரே ஒரு தம்ளர்தான். கோயில் குருக்கள்கூட அபிஷேகத்தில் அவ்வளவு நிதானம் காட்டியதை நான் பார்த்ததில்லை.

குடிப்பதற்கு முன்னால் தம்ளரை அம்மாவிடம் நீட்டுவார். அம்மா சமையலறை வாசலுக்கு வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நுனி நாக்கால் தொட்டுப் பார்ப்பாள். முகம் சுருங்கும்.

"கசக்குது."

"அப்ப சரி" என்பார் அப்பா. அதற்குப் பிறகுதான் முதல் வாய்.

ஒரு ஞாயிறுகூட இது மாறியதில்லை. நான் இதை ஒரு தரப் பரிசோதனை என்றே எடுத்துக்கொண்டேன். சரக்கு தயாராகிவிட்டது, உரிய அதிகாரி பார்த்துச் சான்று கொடுத்துவிட்டார், இனிப் பயன்படுத்தலாம். பிற்காலத்தில் நான் எந்தத் துறையில் போய் விழப்போகிறேன் என்பதற்கு அப்போதே அறிகுறிகள் இருந்திருக்கின்றன.

அந்தத் தம்ளர் தீரும்வரை அப்பா பேசுவார். மற்ற நாட்களில் பேசுகிறவர் அல்ல. ஞாயிறு மதியம் மட்டும் கப்பல் வரும், சைகோன் மழை வரும், ரொட்டிக்குள் ஊறுகாயை ஒளித்துவைத்துச் சாப்பிட்ட காரைக்கால்காரர் ஒருவர் வருவார். நானும் அண்ணனும் அதற்காகவே வாரம் முழுவதும் காத்திருப்போம்.

எனக்குப் பத்து வயதான வருஷம் பங்குனியில் அம்மா செத்துப்போனாள். அரியாங்குப்பத்திலிருந்து அத்தை வந்து சமையலை எடுத்துக்கொண்டாள். அப்பா தம்ளரை எடுக்கவில்லை. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. "சாப்ட்டியா", "கதவ சாத்து" என்ற இரண்டோடு அவர் பேச்சு நின்றுவிட்டது.

"கட்டையில போறவரைக்கும் உடமாட்டான்னு நெனச்சேன். தானா உட்டுட்டான். அந்தமட்டுக்கும் நல்லது" என்றாள் அத்தை.

எங்களுக்கு அது நல்லதாகத் தெரியவில்லை. அம்மா இல்லாத வீட்டில் அப்பாவும் இல்லாதது போல இருந்தது. எப்படியாவது அவரைப் பேசவைக்க வேண்டும். அண்ணன் ஒருநாள் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான்.

"ஏய், விஷயம் தெரியுமா? விஸ்கி பாட்டில்ல வாசனைதான் இருக்கு. அமேரும் காலி."

எல்லாம் விளங்கிவிட்டது. இருப்பு தீர்ந்ததால் பணி நின்றிருக்கிறது. இருப்பைச் சேர்த்தால் பணி தொடரும். பின்னாளில் இதே தர்க்கத்தில் எத்தனையோ கோப்புகளைப் பெரியவர்கள் முடித்துவைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பத்து வயதுப் பிள்ளையை இதற்காகக் குறை சொல்வதற்கில்லை.

இருப்பைப் பரிசாகக் கொடுக்க ஒரு நாள் வேண்டும். அப்பாவுக்குப் பிறந்தநாள் இரண்டு. சான்றிதழில் ஒன்று, அவரைப் பெற்றவள் சொன்னது ஒன்று. இரண்டிலும் எங்களுக்கு நம்பிக்கை இல்லாததால் ஜூலை பதினாலைத் தேர்ந்தெடுத்தோம். அது பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். சொல்தாக்கள் மெடலைக் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போய் வணக்கம் வைத்துவிட்டு வருவார்கள். கிழமை எதுவானாலும் அன்றைக்கும் அப்பா தம்ளரை எடுப்பது வழக்கம்.

சர்க்கரை வீட்டிலேயே இருந்தது. ஜூலையில் கமலா ஆரஞ்சு கிடைக்காது என்பதால் சாத்துக்குடிக்கு மாற்று அனுமதி வழங்கினோம். சிக்கல் அமேரில்தான் வந்தது. மளிகைக்கடையில் கேட்டால், "அமீரா? அவன் ஊருக்குப் போயிருக்கான்" என்றார்கள். பள்ளியில் பிரெஞ்சு சொல்லித்தந்த மதாமிடம் கேட்டேன். "அமேர் என்றால் கசப்பு. வேப்பம்பூ கசக்குமே, அது" என்றார். ஓடிவந்து அண்ணனிடம் சொன்னேன்.

"கசப்பையா காசு குடுத்து வாங்கணும்? உன் மூஞ்சியத் தொட்டு நக்கினா போதாதா?" என்றான். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டான்.

பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு பாய் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்தார். அண்ணன் பெரிய மனுஷனைப் போல நின்று கேட்டான்.

"பாய், இருக்கறதுலயே நல்ல கசப்பா ஒண்ணு குடுங்க."

"யாருக்குத் தம்பி காய்ச்சல்?"

"காய்ச்சல் இல்ல. எங்கப்பாவுக்குப் பரிசு."

பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "பரிசா? அந்த மனுஷன் உங்களுக்கு என்னப்பா பாவம் பண்ணாரு?"

இருந்தாலும் கடையைத் திறந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். சீந்தில் தண்டு வந்தது. கடுகுரோகணி வந்தது. அண்ணன் ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தான். நிலவேம்பு வந்ததும் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேச முடியாமல் அதையே விரலால் காட்டினான்.

"இத சுண்டக் காய்ச்சும்மா. ரெண்டு சொட்டுக்கு மேல தாங்காது" என்றார் பாய். மருந்துக்கு அல்ல என்று நாங்கள் சொல்லியும் அவர் அளவைச் சரியாகத்தான் சொன்னார்.

அடுத்தது பிராந்திக்கடை. தீபாவளிக்குக் கிடைத்து உண்டியலில் கிடந்த சில்லறையை அண்ணன் மேசைமேல் கொட்டினான்.

"யாருக்குடா இது?"

"அப்பாவுக்கு."

"எந்த அப்பா?"

"சொல்தா வூடு."

கடைக்காரர் சில்லறையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். தலை சரியாக வாராமல் இருந்தது. அம்மா போனதிலிருந்து நானே பின்னிக்கொண்டிருந்தேன். "அவரு இந்தப் பக்கம் வந்தே நாளாச்சு" என்று சொல்லிக்கொண்டே சின்ன பாட்டில் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். "கீழ போட்றாத பாப்பா." விதி தளர்த்தப்பட்டதற்கான காரணம் எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது.

அத்தை கோயிலுக்குப் போன நேரத்தில் நிலவேம்பைச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, காலியாயிருந்த அமேர் குப்பியிலேயே நிரப்பிவைத்தோம். நிறம் அச்சாக அப்படியே இருந்தது.

ஜூலை பதினாலு மதியம் அப்பா கடற்கரையிலிருந்து திரும்பினார். வெள்ளைக் கோட்டில் மெடல்கள். மேசையில் தாம்பாளத்தில் எல்லாம் வரிசையாக இருந்தன: தம்ளர், சர்க்கரைக் கட்டி, குப்பி, பாட்டில், சாத்துக்குடி, சோடாக்கடையிலிருந்து மரத்தூளோடு கொண்டுவந்து கழுவிய ஐஸ்.

"புள்ளைங்களே ஊத்திக் குடுக்குதுங்க. வெளங்கிடும் குடும்பம்" என்றாள் அத்தை. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா கோட்டைக் கழற்றாமலேயே உட்கார்ந்தார். குப்பியைத் திறந்து முகர்ந்தார். எங்களைப் பார்த்தார். சர்க்கரைமேல் சொட்டு விட்டார், நசுக்கினார், ஊற்றினார், தோலைத் தேய்த்தார். கை அதே நிதானத்தில் போயிற்று. எல்லாம் முடிந்ததும் தம்ளரை எடுத்துச் சமையலறை வாசல் பக்கம் நீட்டினார்.

வாசலில் யாரும் இல்லை.

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. ஐஸ் தம்ளரில் மெல்ல இடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அங்கே ஒரே ஒரு குறைதான் தெரிந்தது. சான்று கொடுக்க வேண்டிய அதிகாரி இல்லை, பணியிடம் காலி. நான் போய் வாசலில் நின்றேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். தம்ளரைப் பிடித்து நுனி நாக்கால் தொட்டேன். நாக்கு சுருண்டுவிட்டது. முகமும் தானாகவே சுருங்கியது.

"கசக்குது" என்றேன்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அது அம்மாவின் குரலாகவே வந்துவிட்டது என்று அண்ணன் பிறகு சொன்னான்.

"அப்ப சரி" வரும் என்று நின்றேன். வரவில்லை. அப்பா தம்ளரை என் கையிலிருந்து வாங்கி, நின்றவாக்கில், ஒரே மூச்சில், ஐஸ் பல்லில் இடிக்கக் குடித்துமுடித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"நல்லாருக்காப்பா?" என்று கேட்டேன்.

தம்ளரைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மெடல்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. கோட்டோடு எதற்குப் படுக்கிறார் என்று நினைத்தேன்.

"ரெண்டு சொட்டுக்கு எட்டு சொட்டா உட்டுட்டாருடி. நீதான் குப்பிய ரொப்பி வெச்ச" என்றான் அண்ணன். நாங்கள் மிச்சச் சர்க்கரைக் கட்டியை ஆளுக்குப் பாதியாகத் தின்றோம்.

அதற்குப் பிறகு அவர் அந்தத் தம்ளரைத் தொடவே இல்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது: பள்ளிக்கூடம், பென்ஷன், என் வேலை, என் கல்யாணம். சைகோன் மட்டும் திரும்பவில்லை. எங்கள் பரிசு பொருத்தமில்லாதது என்று நிராகரிக்கப்பட்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன். பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. நான் அனுப்பவில்லை.

அம்மா ஒருநாளும் எதையும் சோதிக்கவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அது கசக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். பிள்ளைகள் பார்த்திருக்க, பட்டப்பகலில், ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக்கூடியதெல்லாம் அந்தக் "கசக்குது", "அப்ப சரி" என்ற இரண்டில் அடங்கியிருந்தது. அதில் ஒன்றைத்தான் நான் போய் அம்மாவின் இடத்தில் நின்று சொல்லியிருக்கிறேன். மற்றதை ஒரு மகளிடம் எப்படிச் சொல்வார்?

கடைசிக் காலத்தில் அப்பா மூலக்குளத்தில் என் வீட்டில் இருந்தார். ஊரில் காய்ச்சல் பரவி, தெருவுக்குத் தெரு நிலவேம்புக் குடிநீர் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். அவருக்கும் காய்ச்சல் கண்டிருந்தது. வீட்டிலேயே காய்ச்சி, தம்ளரில் ஊற்றிக்கொண்டு சமையலறை வாசல்வரை வந்தவள், சூடு பார்ப்பதற்காக நுனி நாக்கால் தொட்டேன். நினைத்துச் சொல்லவில்லை. தானாக வாயில் வந்தது.

"கசக்குது."

அப்பா கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் தம்ளருக்குக் கை நீட்டினார்.

"அப்ப சரி" என்றார்.

பதில் கிடைத்த நாள்: இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஜூலை பதினாலு.