அந்த அட்டிகை யாருடையது?

எங்கள் வீட்டுச் சுவரில் அம்மா அப்பாவின் கல்யாணப் போட்டோ தொங்குகிறது. அப்பா கேமராவை முறைத்துக்கொண்டிருப்பார். அம்மா தலை குனிந்திருப்பாள். அவள் கழுத்தில் சிவப்புக் கல் பதித்த ஓர் அட்டிகை. அது அம்மாவுடையது அல்ல, அப்பாவின் அக்காவுடையது. கல்யாணத்துக்கு இரவல் கொடுத்த அத்தை, கடைசிப் பந்தி எழும்புவதற்கு முன்பே அதைக் கழற்றி வாங்கிக்கொண்டாளாம். அதோடு விட்டிருக்கலாம். ஆற்றுகால் பகவதி கோயில் பொங்கலுக்காக வருடா வருடம் தென்காசிப் பக்கமிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கும்போதெல்லாம், அந்தப் படத்தின் முன்னால் நின்று, "எங்க அட்டிகை எம்புட்டு எடுப்பா விழுந்திருக்கு பாத்தியா" என்பாள். அந்த நேரத்தில் அடுக்களையில் ஏதாவது ஒரு பாத்திரம் சத்தமாகக் கீழே வைக்கப்படும்.

அதனால் எனக்குப் பட்டமளிப்பு நாள் வருகிறது என்று சொன்னவுடன் அம்மா வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை வாழ்த்து இல்லை.

"அந்தப் படமும் சுவத்துல தொங்கும், கேட்டியா. இரவல் சாமான் ஒண்ணுகூட அதுல வரக் கூடாது."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேலும் போய் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. அப்பா சாலைக் கம்போளத்துக் கடைகளில் மூட்டை இறக்குகிறார். அம்மா கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் மாவு அரைக்கிறாள். என் படிப்பை 'எம்மெஸ்ஸி' என்று ஒரே மூச்சில் சொல்வாள். ஆரியசாலையில் எங்கள் சந்துக்குள் நுழையும் பால்காரருக்குக்கூட அது தெரியும்.

இரவல் வேண்டாம் என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரே கருத்துதான். தங்கம் எட்டுகிற உயரத்தில் இல்லை. மிச்சம் இருந்தவை இரண்டு: தங்க முலாம் பூசிய நகை, இல்லாவிட்டால் ஸ்டெர்லிங் வெள்ளி. சண்டை அங்கே ஆரம்பித்தது.

சாலைக் கம்போளத்தில் ஒரு ஃபேன்ஸி கடைக்குப் போனோம். ஒரு பக்கக் கண்ணாடிப் பெட்டியில் முலாம், எதிர்ப் பக்கம் வெள்ளி. நடுவில் ஒரு மலையாளச் சேச்சி. வாடிக்கையாளர் வாய் திறப்பதற்குள்ளேயே தமிழா மலையாளமா என்று கண்டுபிடித்துவிடுகிறவர். அம்மா முன்னால் சிவப்புக் கல் அட்டிகை ஒன்றை எடுத்துவைத்தார்.

"இது நோக்கு அக்கா. கண்டா தங்கமேதான். ஆறு மாசம் கேரண்டி உண்டு. குளிக்கும்போ கழட்டி வெச்சா மதி, போதும்."

"ஏழாம் மாசம் என்னம்மா ஆகும்?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஒரு படம் எடுக்க ஏழு மாசமா ஆகும்ட்டி?"

நான் எதிர்ப் பக்கம் போய் மெல்லிய வெள்ளிச் சங்கிலி ஒன்றைக் காட்டினேன். கொக்கியில் சின்னதாக 925 என்று முத்திரை இருந்தது. படித்த திமிரில் ஒரு வகுப்பே எடுத்தேன். சுத்த வெள்ளி மிருதுவானது, நகைக்குத் தாங்காது. அதனால் நூற்றுக்குத் தொண்ணூற்று இரண்டரைப் பங்கு வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்புமாகச் சேர்க்கிறார்கள். முலாமில் உள்ளே செம்பு, தங்கம் மேல் பூச்சு மட்டும்தான்.

அம்மா பொறுமையாகக் கேட்டாள். "என்னதுல செம்பு உள்ள கெடக்கு, உன்னதுல கலந்து கெடக்கு. அம்புட்டுத்தானே?"

சேச்சி வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது மட்டுமில்லட்டி. வெள்ளி காலுக்கு உள்ளது. கழுத்துல போட்டா கொலுசு வழி தவறி மேல ஏறி வந்த மாதிரி இருக்கும்."

"அம்மா, முலாம் தன்னைத் தங்கம்னு பொய் சொல்லும். வெள்ளி வெள்ளின்னுதான் சொல்லும்."

"நகை என்னத்தட்டி சொல்லும்? பாக்கிறவளுவதானே சொல்லுதாளுவ."

அவள் யாரை நினைத்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் வாதாடவில்லை, விட்டும் கொடுக்கவில்லை. அவள் தன் சம்பளத்தில் அட்டிகையை வாங்கினாள். நான் டியூஷன் எடுத்த காசில் வெள்ளிச் சங்கிலியும் கம்மலும் வாங்கினேன். எதைப் போட்டுக்கொண்டு படத்தில் நிற்பது என்பது மட்டும் முடிவாகவில்லை.

பட்டமளிப்பு நாள் காலையில் பட்டுப்புடவை கட்டி வெள்ளியை அணிந்தேன். அம்மா பார்த்தாள். அட்டிகைப் பெட்டியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"படம் எடுக்கும்போ மாத்திக்கோ."

"மாத்த மாட்டேன்."

"பாப்போம்."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, "ரெண்டு பேரும் பஸ்ஸுல பேசாம வரணும்" என்றார். பேசாமல்தான் வந்தோம்.

கல்லூரியில் கவுன் கொடுக்கிற மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றேன். ஒரு ஜூனியர் பெண் கறுப்புக் கவுனை என் புடவைக்கு மேல் போட்டு, ஜிப்பை இழுக்க ஆரம்பித்தாள். அது முழங்காலில் தொடங்கி வயிற்றைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, தொண்டைக்குழியில் போய் நின்றது. "சேச்சி, மாலை உள்ளே இருக்கட்டே" என்று என் சங்கிலியைக் கவுனுக்குள் தள்ளினாள். அதற்கு மேல் நீலநிறப் பட்டை ஒன்றைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுப் பின் குத்தினாள்.

எங்கள் மூன்று பேரில் பட்டம் வாங்குகிறவர்களை நேரில் பார்த்தவர் யாருமில்லை. என் பி.எஸ்சி. பட்டம் தபாலில் வந்தது. நான் போட்டோக்களில் பார்த்திருக்கிறேன், ஆனால் தொப்பியை மட்டும்தான் கவனித்திருக்கிறேன். பட்டதாரிக்குக் கழுத்தே இருக்காது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அம்மா கையில் பெட்டியோடு என்னைச் சுற்றி வந்தாள். அட்டிகைக்கு எங்காவது ஓர் இடம் கிடைக்குமா என்று தேடுகிற மாதிரி இருந்தது. அப்பா, "ரெண்டும் போச்சா?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

பட்டத்தை வாங்கிவிட்டு வெளியே வந்தேன். போட்டோ எடுக்கிற இடத்தில் எங்கள் முறை வந்தது. அம்மா ஓரமாக நின்றாள். நல்ல புடவைதான், கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். சட்டென்று எனக்குத் தோன்றியது.

"அம்மா, அட்டிகையை நீ போடு."

"எனக்கெதுக்குட்டி? பட்டம் வாங்கினது நீ."

"அட்டிகை வாங்கினது நீதானே."

"மாவாட்டுதவளுக்கு…"

"எம்மெஸ்ஸி அம்மாவுக்கு" என்றார் அப்பா.

போட்டோக்காரர், "அம்மே, பின்னால் ஆளுண்டு, வேகம்" என்று அவசரப்படுத்தினார். நான் தொப்பி சரியச் சரிய அம்மாவின் பின்கழுத்தில் கொக்கியை மாட்டினேன். அவள் அட்டிகையை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு என் கவுனின் கையைத் தொட்டாள்.

"துணி நல்லாருக்கு. வீட்டுக்குக் கொண்டு போலாமா?"

"சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கணும்மா. வாடகை."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப இதும் இரவலா?"

சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்த நேரத்தில் படம் எடுத்துவிட்டார்கள். தலை நிமிர்ந்து, வாய் திறந்து, பல்லெல்லாம் தெரிய அம்மா சிரிக்கிறாள். அட்டிகை பளீரென்று விழுந்திருக்கிறது. என் வெள்ளியில் காதுக் கம்மல் மட்டும்தான் தெரிகிறது. சங்கிலி கவுனுக்குள் இருக்கிறது. 925. அது எனக்குத் தெரிந்தால் போதும்.

அந்தப் படத்தைக் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினோம். அடுத்த ஆற்றுகால் பொங்கலுக்கு அத்தை வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நேரே சுவருக்குப் போனாள். பழைய படத்தைப் பார்த்தாள். புதியதைப் பார்த்தாள்.

"இது யாருது?"

அம்மா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னது, மைனி."

"தங்கமா?"

"முலாம். ஆறு மாசம் கேரண்டி." அலமாரியிலிருந்து எடுத்து அத்தை கையில் கொடுத்தாள்.

அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடி முன்னால் போய்த் தன் கழுத்தில் மாட்டிப் பார்த்தாள். நாங்கள் பார்ப்பதை உணர்ந்து கழற்றப் போனாள்.

"இருக்கட்டும் மைனி" என்றாள் அம்மா. "சாப்பிட்டு முடிச்சுக் கழட்டுனாப் போதும்."