அடுக்களைக் குழாய்

என் மனைவி இறந்த பிறகு வந்த முதல் கோடையில் அடுக்களைக் குழாய் ஒழுகத் தொடங்கியது. முதலில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. திருகை அழுத்தி மூடினால் சற்று நேரம் நிற்கும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் நிற்கவில்லை, நூல் கனத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கீழே வாளியை வைத்தேன். வாளி நிறைந்ததும் கொண்டுபோய் வாழை மூட்டில் ஊற்றினேன். சொல்லப்போனால், அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

குழித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பாதி ஆயுளைக் கல்ஃபில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் கழித்தவன் நான். விடுப்பில் வருவேன், பெட்டியைப் பிரிப்பேன், பெட்டியைக் கட்டுவேன், போய்விடுவேன். எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்த அடுத்த மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மகள் பெங்களூரில், மகன் கனடாவில். அடக்கத்துக்கு வந்தவர்கள் சில வாரம் இருந்தார்கள். புறப்படும்போது இருவருமே என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு மறுபடியும் வெளியூரில் போய் இருக்க மனமில்லை. வீட்டில் இருப்பதற்காகத்தானே வந்தேன்.

குழாய்க்கு ஆள் தேடினேன். எங்கள் பக்கத்தில் வேலை தெரிந்தவர்கள் பெரும்பாலும் திருவனந்தபுரத்துக்குப் போய்விடுவார்கள். ஒருவர் அங்கே ஒரு பெரிய கட்டடத்தில் மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இன்னொருவர், "நாளைக்குக் காலைல வாறேன் சார்" என்றார். மறுநாள் நான் எழுந்து கூடத்தைப் பெருக்கினேன். கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கினேன். டீக்குத் தண்ணீர் வைத்து, அடுப்பை மூட்டாமல் காத்திருந்தேன். வீட்டுக்கு ஓர் ஆள் வரப்போகிறான் என்பதில் எனக்கு ஒரு பரபரப்பு இருந்தது. உச்சிக்கு மேல் போன் செய்தேன். "இந்தா வந்துட்டேன் சார்" என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. சாயங்காலம் அந்த பிஸ்கட்டை நானே தின்றேன்.

இனி நாமே பார்த்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. போனில் யாரோ ஒரு பையன் குழாயைக் கழற்றி மாட்டுவதைப் படமாகப் போட்டிருந்தான். திரும்பத் திரும்பப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கும், அது தேய்ந்தால் தண்ணீர் நிற்காது, அவ்வளவுதான் விஷயம். ஸ்பானர் அடுக்களையில், கரண்டிகள் போட்டிருக்கும் இழுப்பறைக்குள் கிடந்தது. முன்பும் ஒருமுறை அதை அங்கே பார்த்திருக்கிறேன். இது ஏன் இங்கே கிடக்கிறது என்று நினைத்ததோடு சரி.

முதலில் தண்ணீரை அடைக்க வேண்டும். மாடிக்குப் போனேன். தொட்டியிலிருந்து பல குழாய்கள் இறங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. எது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வீட்டைக் கட்டியவன் நான் என்று ஊரில் சொல்வார்கள். காசு அனுப்பினேன், அது உண்மை. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியதிலிருந்து பெயின்ட் அடித்தது வரைக்கும் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டவள் அவள். சுவர்கள் எழும்பியதை நான் போட்டோவில் பார்த்தேன். சுவருக்குள் குழாய் பதித்ததை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

ஒரு வால்வை அடைத்துவிட்டுக் கீழே வந்து பார்த்தேன். ஒழுகிக்கொண்டிருந்தது. மறுபடி ஏறினேன். இன்னொன்றை அடைத்தேன், இறங்கினேன். முட்டு வலித்தது. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, அடுத்த வீட்டுக்காரி தன் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் மனைவியைவிட நாலைந்து வயது இளையவள். நான் அவளோடு அதிகம் பேசியதில்லை.

"என்னண்ணே, காலைல இருந்து ஏறியதும் எறங்கியதுமா கெடக்கிய?"

"அடுக்களைக் குழாய் ஒழுகுது. வால்வு எதுன்னு தெரியல."

"டேங்குக்க பின்னால, சொவரோட ஒட்டி ஒண்ணு கெடக்கும் பாருங்க. அதாக்கும் அடுக்களைக்கு."

அங்கே அது இருந்தது. தொட்டியின் நிழலில், பாசி பிடித்து. திருகினேன். கீழே வந்து பார்த்தால் குழாய் நின்றிருந்தது. என் வீட்டுக்குள் தண்ணீர் வரும் வழி அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழாயின் கழுத்தில் பழந்துணியைச் சுற்றி ஸ்பானரைப் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. மண்ணெண்ணெய் இல்லை, தேங்காய் எண்ணெயை விட்டுக் காத்திருந்தேன். மறுபடி முழுப் பலத்தையும் கொடுத்தபோது ஒரு முனகலோடு இளகியது. மேல்பாகம் கழன்று கையோடு வந்தது. அதன் அடியில்தான் வாஷர் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் படத்தில் பார்த்த மாதிரி கறுப்பாக இல்லை. நீலமாக இருந்தது.

நகத்தால் நெம்பி எடுத்தேன். வட்டமாக வெட்ட முயன்று, வராமல், மூலை மூலையாகக் கத்தியால் செதுக்கியிருந்தது. நடுவில் இருந்த துளையின் ஓரம் கருகியிருந்தது; ஆணியைக் காய்ச்சிக் குத்தியிருக்க வேண்டும். ஒரு பக்கம் குழாய் அழுத்திய வளையம் ஆழமாகப் பதிந்திருந்தது. மறுபக்கத்தில் சின்னச் சின்ன வரிகள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ரப்பர் செருப்பின் அடிப்பாகம்.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே போய், மதிலருகே நின்று அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பார்த்ததும் முகம் மாறியது.

"இது இப்பளும் உள்ள கெடக்கா?"

"யாரு வச்சது?"

"அக்காதான். வேற யாரு வைப்பா? ஒண்ணு தேஞ்சா அடுத்தது வெட்டி வைக்கும். பிஞ்ச செருப்பக்கூட தூரக் களைய விடாது."

"ஒரு ஆளக் கூப்பிட்டிருக்கலாமே."

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"நீங்க அங்க கெடந்திய. பிள்ளைய ரெண்டும் பள்ளிக்கொடம் போயிரும். ஒருத்தன் ஸ்பானரும் கொண்டு உள்ள கேறிப் போனா, அவன் எறங்கி வாறதுக்குள்ள இஞ்ச நாலு பேரு நாலு விதமா பேசிருவாவ. அக்காக்கு அது பிடிக்காது. நானே பாத்துக்கிடுவேன்னு எறங்கிட்டு."

பிறகு அவளுக்கே நினைவு வந்து, மதிலில் கையூன்றிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

"மொதல்ல செய்யும்போ வால்வ அடைக்கணும்னு அக்காக்குத் தெரியாது. மேல உள்ளதக் கழத்துன ஒடனே வெள்ளம் சீறி மேல மச்சுல போய் அடிச்சு. விளி கேட்டு நான் ஓடி வந்தேன். அரிசி, தேங்கா, அடுப்பு எல்லாம் நனைஞ்சு கெடக்கு. அக்கா ரெண்டு கையும் வச்சுப் பொத்துது, வெள்ளம் வெரலுக்க எடை வழியா மொகத்துல அடிக்கு. நான் மாடிக்கு ஓடி ஒவ்வொண்ணா அடைச்சேன். அப்பிடித்தான் எனக்கு அந்த வால்வு தெரியும். எறங்கி வந்து பாத்தா, அக்கா தரைல வெள்ளத்துக்குள்ள இருந்து சிரிக்கு. நிறுத்த முடியல. அதப் பாத்து எனக்கும் வந்துட்டு. ரெண்டு பேரும் நனைஞ்ச கோழி மாதிரி இருந்து வயிறு நோவச் சிரிச்சோம்."

சொல்லும்போதே சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுப்புல கறி கெடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அடுக்களைக்குத் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்தேன். கல்ஃபில் இருந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் மனைவியோடு போனில் பேசுவேன். "என்ன விசேஷம்?" என்று கேட்பேன். "ஒண்ணும் இல்ல, எல்லாரும் சொகமா இருக்கோம்" என்பாள். பள்ளிக்கூடம், கோயில் ஆராதனை, யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லுவாள். தண்ணீர் மச்சில் அடித்ததைச் சொன்னதில்லை. அதைவிட, எனக்குத் தெரிந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு மெல்லச் சிரிப்பவள். விடுப்பில் வரும்போதெல்லாம் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டே, அவள் அங்கே தண்ணீரில் உட்கார்ந்து வயிறு நோகச் சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். உருவம் ஒருவாறு வந்தது. சத்தம் வரவில்லை. கேட்டிருந்தால்தானே வரும்.

கடை மூடிவிடப் போகிறது என்று எழுந்து சட்டையை மாட்டினேன். ஜங்ஷனில் உள்ள ஹார்டுவேர் கடையில் இளைஞன் ஒருவன் இருந்தான். குழாய் வாஷர் வேண்டும் என்றேன். அளவு கேட்டான். நீல ரப்பரை நீட்டினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"இது என்ன சார்?"

"வாஷர்தான்."

"பழைய பைப்புக்கு எதுக்கு சார் இந்தப் பாடு? புதுசு ஒண்ணு மாட்டிருங்க."

"வேண்டாம். வாஷர் மட்டும் போதும்."

கறுப்பு வாஷர் சிலவற்றையும் மரையில் சுற்றும் வெள்ளை டேப் ஒன்றையும் எடுத்துக் காகிதத்தில் மடித்தான். மறு கையிலிருந்த நீல ரப்பரைக் குப்பைப் பெட்டிக்கு மேலே பிடித்து, "இதக் களையட்டா?" என்று கேட்டான். நான் கையை நீட்டினேன். திருப்பித் தந்தான்.

புதியது சரியாகப் பொருந்தியது. வால்வைத் திறந்துவிட்டு இறங்கி வந்தால், இப்போது தண்ணீர் கீழே ஒழுகவில்லை, கழுத்து வழியாகக் கசிந்தது. மறுபடி மாடி, மறுபடி வால்வு. கழற்றி, மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி, கோணாமல் நேராக வைத்து முறுக்கினேன். திறந்து மூடினேன். நின்றது. விரலை அடியில் வைத்துப் பார்த்தேன். ஈரமில்லை. சொல்ல யாரும் இல்லாததால் மறுபடியும் திறந்து மூடினேன்.

அன்று ராத்திரி மகள் கூப்பிட்டாள். குழாயை நானே சரிசெய்ததைச் சொன்னேன். செருப்பு ரப்பரைச் சொன்னேன், அடுத்த வீட்டுக்காரி சொன்னதையும் சொன்னேன்.

"அம்மா சிரிச்சா அப்படித்தான்பா" என்றாள். "ஒரு தடவ தொடங்கிட்டா நிக்காது. வயித்தப் பிடிச்சிட்டு எங்க நிக்காங்களோ அங்கயே இருந்துருவாங்க. தம்பியும் நானும் வேணும்னே சிரிக்க வைப்போம். நீங்க பாத்ததில்லியா?"

"இல்ல மக்கா."

"ஒருநாள்கூடயா?"

"நான் வரும்போ அவ வேற மாதிரி இருப்பா."

அவள் பதில் சொல்வதற்குள் குழந்தை அழுதது. "பொறவு பேசுறேன்பா" என்று வைத்துவிட்டாள். நான் மத்தியானச் சோற்றில் தண்ணீர் விட்டு, ஊறுகாயோடு சாப்பிட்டுப் பாத்திரத்தைக் கழுவினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டபோது, அம்மாவைச் சிரிக்கவைக்க நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தம்பி பாதிரியார் மாதிரி நடந்து காட்டுவான் என்றாள். இப்போதெல்லாம் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று கேட்கிறேன். சில வாரம் சொல்கிறாள். சில வாரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்கிறாள். அப்போது இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். போனை மட்டும் வைக்க மாட்டோம்.