நெஞ்சு சிவந்த உள்ளான்

மாசியில் மழை பெய்தால் எனக்கு எரிச்சல் வரும். இன்று காலையும் பெய்தது. துறைமுகத்தில் என்ஜினியராக இருந்து ரிட்டயரான எதிர்வீட்டுக்காரர், கழுத்தில் பைனாகுலரும் கையில் குடையுமாக வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, முத்தையாபுரம் பக்கம் பறவை பாக்கப் போறேன். வாரியளா?"

வரவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். பாவம், அவர் மேல் என்ன தப்பு? குடையின் ஈரத்துணி வாடை மட்டும் வீட்டுக்குள் தங்கிவிட்டது.

இதே வாடையோடு மூன்று நாள் உப்பளத்து வரப்பில் நின்றவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசி. கல்கத்தாவுக்கு உப்பு அனுப்பும் கம்பெனியில் குமாஸ்தா வேலை. மானேஜர் துரைக்குப் பறவைப் பைத்தியம். பனிக்காலம் முழுக்க இந்தப் பக்கம் மேய்ந்துவிட்டு வடக்கே திரும்புகிற உள்ளான்களுக்கு, கிளம்புமுன் நெஞ்சு சிவக்குமாம். அப்படிச் சிவந்த முதல் கூட்டம் அளத்தில் இறங்கும் நாளை வருஷந்தோறும் நோட்டில் எழுதி வைப்பார். அந்த வருஷம் அவருக்குச் சளி; மழையில் நனையக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

எனக்கோ வெள்ளிக்கிழமை ஏரலில் பெண் பார்க்கப் போக வேண்டும். லீவு கேட்டேன். முதலில் உள்ளான், பிறகு லீவு என்றார். இப்படி ஒரு நிபந்தனையை எந்த மாப்பிள்ளையாவது கேட்டிருப்பானா?

செவ்வாய் முழுக்கத் தூறல். புதன்கிழமை காற்றில் குடை மடங்கிக்கொண்டது. பைனாகுலரில் தண்ணீர்தான் தெரிந்தது. உள்ளான்கள் எல்லாம் ஒரே சேற்று நிறம். வியாழன் காலை மழை கொஞ்சம் விட்டது. தூரத்துப் பாத்தியில் புதுக்கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. பார்ப்பதற்காகப் பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, கம்பெனி அய்யா மூணு நாளா குருவியையே மொறச்சிக்கிட்டு நிக்காரு. வெரட்டுங்கலே."

அளத்து வேலைக்காரர் சுடலையின் குரல். எச்சமிட்டு உப்பைக் கெடுக்கும் என்று பறவைகளைத் தகரம் தட்டி விரட்டுவது அங்கே வழக்கம். நான் கையை ஆட்டித் தடுப்பதற்குள் நாலு தகரம் முழங்கியது. கூட்டம் எழுந்து கடல் பக்கம் போய்விட்டது.

"இனி வராதுய்யா. நிம்மதியாப் போங்க" என்றார் சுடலை. அழுகை வந்தது.

நேரே பங்களாவுக்குப் போய், "சிவப்பு நெஞ்சு, ஏழு" என்று பச்சைப் பொய் சொன்னேன். துரை படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கைகுலுக்கினார். லீவும் கொடுத்தார்.

ஏரல் பெண்தான் என் மனைவி. எங்கள் கல்யாணம் ஒரு குருவியால் நடந்தது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மாசி பிறந்தால் போதும், "அந்தச் செவப்பு நெஞ்சுக்காரன எனக்கு ஒருநா அங்கன கூட்டிட்டுப் போயிக் காட்டப்பிடாதா?" என்பாள். நானே பார்க்காததை எங்கே போய்க் காட்டுவது? மழை, ஆபீஸ், முட்டுவலி என்று வருஷத்துக்கொரு சாக்குச் சொன்னேன். ஒரு தடவையாவது கூட்டிப் போயிருக்கலாம். இரண்டு பேருமாக நின்று தேடியிருக்கலாம்.

அந்த அளம் இப்போது நிலக்கரி கொட்டும் இடம். இந்த மாசியில் என்னைக் கூப்பிட எதிர்வீட்டுக்காரர்தான் இருக்கிறார்.