முத்துக்கன்னி இல்லை என்றவர்

சித்திரகுளத்தை ஒட்டிய சந்தில் ஒரு வீட்டுச் சுவரில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருந்தார் வேம்பு. சுண்ணாம்புச் சாந்தா, சிமெண்டா என்பதை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவதாக அவருக்கு ஒரு நம்பிக்கை. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த பெண்மணி அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மாமா வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்மா. உங்காத்துச் செவுரு எந்த வருஷத்துதுன்னு தெரியுமோ?"

"நாங்க வாடகைக்கு வந்திருக்கோம்."

"நீங்க வந்தது தெரியும். நான் செவுரைக் கேக்கறேன்."

சிலர் அவரைக் கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்து வீட்டு வரி ரசீதோடு ஓடி வருவதும் உண்டு. அதையும் வாங்கிப் படித்துவிட்டுத்தான் நகர்வார்.

வயது எழுபத்திரண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் "காகிதம் இருக்கோ?" என்று கேட்பது அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம். காலையில் பேட்டைப் பத்திரிகைக்கு வட்டார வரலாறு எழுதுவார். ஒரு தெருப்பெயருக்கு மூன்று ஆதாரமாவது வேண்டும். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தால் நாவல். அப்போது இல்லாத ஜமீனின் இளவரசியை இல்லாத தளபதிக்குக் கூசாமல் கட்டிவைப்பார். கட்டுரைக்கு மேஜை, நாவலுக்கு ஊஞ்சல். இரண்டும் கலந்துவிடக் கூடாதாம்.

"மேஜைல இருக்கறச்சே காபி வேணுமான்னு கேட்டா, 'இப்பதானே குடிச்சேன்'ம்பார்" என்பாள் மகள் ஸஹானா. "ஊஞ்சல்ல இருந்தா 'கார்த்தாலேர்ந்து ஒருத்தரும் தரலை'ம்பார்."

காபிப்பொடிக் கடை ஒன்றில் '1901 முதல்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பழைய மின் இணைப்பு மனுவைத் தேடிப் பிடித்து, 1938தான் என்று நிரூபித்துப் பலகையை மாற்றவைத்தார். அன்றிலிருந்து அந்த முதலாளி இவருக்கு மட்டும் சிக்கரியைத் தூக்கலாகப் போடுகிறார்.

இப்படிப்பட்டவரைத் தேடிப் போன மாதம் ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து பாண்டுரங்கன் வந்தார். மீனவர் பஞ்சாயத்தில் முக்கியமானவர்.

"வலை பின்ற கூடம் கட்டிக்கீறோம் சார். முத்துக்கன்னியம்மா பேருதான் வச்சிக்கீது. அவங்களப் பத்தி எழுதுனவரு நீங்க. நீங்கதான் வந்து தொறக்கணும்."

முத்துக்கன்னி, இருநூறு வருஷத்துக்கு முன்னால் புயலில் தனியாகக் கட்டுமரம் தள்ளிப் போய் ஒன்பது பேரைக் கரைசேர்த்தவள். வேம்புவின் ஐந்தாவது நாவலில். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது, வலியை மறக்க அவர் உண்டாக்கியவள்.

"பேசாம ரிப்பனை வெட்டிட்டு வாங்கோப்பா" என்றாள் ஸஹானா.

"ஒரு ஊரே பொய்யை நம்பிண்டிருக்கு. அதுவும் என் பொய்யை."

இரண்டு நாள் அவர் மேஜைக்கும் போகவில்லை, ஊஞ்சலுக்கும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை குப்பத்துக்குப் போனார். கூடத்தின் சுவரில், கையில் துடுப்போடு ஆளுயரத்துக்கு முத்துக்கன்னி. இவர் எழுதியதைவிட லட்சணமாகவே இருந்தாள். மாலை, சாம்பிராணி, ஒலிபெருக்கி எல்லாம் தயார். வேம்பு மேடையேறி மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். முத்துக்கன்னின்னு யாருமே கிடையாது. அது என் கற்பனை."

பாண்டுரங்கன் தலையைச் சொறிந்தார். முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருந்த மீன்காரி தேசம்மாதான் வாயைத் திறந்தாள்.

"இன்னா நைனா பேசற? மூணு வருசமா படையல் போட்டுக்கினு கீறோம். அவளும் துன்னுக்கினுதான் கீறா. இப்ப வந்து இல்லன்ற."

"நான்தாம்மா அவளை உண்டாக்கினேன். பல் டாக்டர் கிளினிக்ல உக்காந்துண்டு."

"பல்லு வலில உனக்கு இன்னா தெரிஞ்சிருக்கும்? பாதிய வுட்டுட்ட. அவ எங்க வூட்டுப் பொண்ணு. ஒரு காலு இழுத்து இழுத்துதான் நடப்பா. அத்த ஏன் எழுதல நீ?"

கூட்டம் ஆமாம் என்று தலையாட்டியது. வேம்பு திரும்பிச் சுவரிலிருந்தவளைப் பார்த்தார். அந்த நடை தனக்குத் தோன்றவில்லையே என்று அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

மைக்கைப் பாண்டுரங்கன் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, தேசம்மாவுக்குப் பக்கத்தில் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அழைப்பிதழைத் திருப்பி முழங்காலில் வைத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.

"எந்தக் காலும்மா?"