உப்பு கூடிப்போச்சு என்றேன்

எங்கள் ஊரில் கிரியாட்டினின் என்று யாரும் சொல்வதில்லை. பரிசோதனைத் தாளில் அது கூடியிருந்தால் "கிட்னில உப்பு ஏறிருச்சு" என்பார்கள். சோற்றில் போடும் உப்புக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கும் எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் போன சித்திரையில் என் வீட்டுக்காரரின் தாளைப் பார்த்ததும் என் வாயிலும் அதுதான் வந்தது. "உப்பு கூடிப்போச்சுங்க."

டாக்டர் பயமுறுத்தவில்லை. வெயிலில் தண்ணீர் குடிக்காததால் இருக்கும், ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். என் வீட்டுக்காரருக்குச் செல்லூரில் விசைத்தறிப் பட்டறை. தறி ஓடும்போது தாகம்கூட நினைவிருக்காது. நான் அதோடு விட்டிருக்கலாம். என் நாத்தனார் போனில் ஒரு பட்டியல் அனுப்பினார். கிட்னியில் உப்பு ஏறியவர்கள் தொடக் கூடாதவை: வாழைப்பழம், இளநீர், கீரை, தக்காளி. காயை வேகவைத்தால் அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். அது கிட்னி பழுதாகிப் பொட்டாசியம் ஏறிப்போனவர்களுக்கான பட்டியல். நான் அதைத் தாளில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். எதையும் திருந்தச் செய்கிறவள் அல்லவா, மூன்று வாரம் மனுஷனுக்குச் சக்கையாகவே போட்டேன். ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடும் மாத்திரை சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியே தள்ளும் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

"காலு வரமாட்டேங்குது, டீச்சர்."

என்னை அவர் கேலியாகக் கூப்பிடுவது அப்படித்தான். அதனால் விளையாட்டு என்று நினைத்து, காபி ஆறுகிறது என்று அடுப்படியிலிருந்து கத்தினேன். ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால் இரண்டு காலும் கட்டையாகக் கிடந்தன. பக்கவாதம் என்றே முடிவு கட்டிவிட்டேன். வில்லாபுரத்து வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி போகும்வரை ஆட்டோவில் அவர் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். இவர் இனி நடப்பாரா என்பதைத் தவிர மனதில் வேறு எதுவும் இல்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டூட்டி டாக்டர் வந்தார். என் பழைய மாணவிகள் வயசிருக்கும்.

"ஸ்ட்ரோக் இல்லம்மா. பொட்டாசியம் ரொம்ப இறங்கிருச்சு. ஏத்துனா சரியாயிரும். பழம், கீரையெல்லாம் சாப்பிடுவாரா?"

"நிறுத்திட்டோம்."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"நாந்தான்."

"நீங்க என்ன பண்றீங்க?"

"டீச்சரா இருக்கேன்."

என்ன பாடம் என்று கேட்காமல் போனாரே, அந்தப் பெண் நல்லா இருக்கட்டும்.

பொட்டாசியத்தை வேகமாக ஏற்றினால் இதயத்துக்கு ஆபத்து. சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. ஊசி போட்ட கை எரிகிறது என்று அவர் முகம் சுளித்தார். எனக்கு வேறென்ன தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்தேன்.

வருஷா வருஷம் கரும்பலகையில் நான் வரையும் படம்தான். நரம்புச் செல்லுக்குள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். உள்ளே இருக்கும் பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். அதனால் செல்லின் உள்பக்கம் மைனஸ் எழுபது மில்லிவோல்ட் அளவில் நிற்கும். இதுதான் ஓய்வுநிலை மின்னழுத்தம். உள்ளே வந்துவிடும் சோடியத்தில் மூன்றை வெளியே தள்ளி, பொட்டாசியத்தில் இரண்டை உள்ளே இழுத்தபடி ஒரு பம்ப் ஓயாமல் ஓடும். தசைக்கும் இதே கதைதான். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் உள்ளிருப்பது இன்னும் கசியும், மைனஸ் இன்னும் ஆழமாகும். எழுந்திரு என்று மூளை சொன்னாலும் அந்தப் பள்ளத்திலிருந்து தசையால் ஏறி வர முடியாது.

அவர் கவனமாகக் கேட்டார். இருபத்தைந்து வருஷத்தில் என் பாடத்தை முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான். எழுந்து போக முடியாதே.

"சும்மா இருக்குறதுக்கே இம்புட்டு வேலையா?" என்றார்.

"ஆமா. பம்ப் நின்னா செல்லே செத்துரும்."

இறங்கும் சொட்டுகளைப் பார்த்தபடி கேட்டார். "இம்புட்டும் தெரிஞ்சுமா எனக்கு வாழைப்பழத்த நிறுத்துன?"

"உப்புன்னு சொன்னதும் பயந்துட்டேங்க." அழுதேன். அவர் எரியாத கையை நீட்டி என் தோளைத் தட்டினார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை அவர் கட்டை விரல் அசைந்தது. பத்து மணிக்கு முழங்காலை மடக்கினார். மதியம், நான் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தபோது, யாரையும் கேட்காமல் கட்டிலை விட்டு இறங்கி, ஒரு கையால் சுவரைத் தடவியபடி ஜன்னல் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"யாரக் கேட்டு எறங்குனீங்க? விழுந்து வச்சா எவ தூக்குறது? ஒரு சொல் கேக்குறதில்ல." வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு அடி வைத்தார். முந்தின நாள் காலையிலிருந்து அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆசைதீரத் திட்டினேன்.