கவச உடைக்குள் ஒரு பொட்டு

சப்ரீன் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. கொரோனா இரண்டாம் அலை வந்தபோது தெருவே அவளை நம்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வீட்டு வாசலைத் தாண்டும்போது ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நர்ஸ் என்றால் கிருமியைக் கையோடு கொண்டுவருகிறவள் என்று நினைப்பு. தங்கள் வீட்டில் யாருக்காவது மூச்சு முட்டினால் மட்டும் முதல் போன் அவளுக்குத்தான் வரும்.

"கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு இந்த வேலை வேணுமா? விட்டுரு" என்று கணவன் ஜாபிர் தினமும் சொன்னான்.

"தெனமும் புது கிட் தாராவ. தலையில இருந்து கால் வரைக்கும் மூடிட்டுத்தான வார்டுக்குள்ள போறேன். பிள்ளைக்கு ஒண்ணும் வராது" என்பாள். அந்த ஒரு தைரியத்தில்தான் ராஜபாளையத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வேனில் போய் வந்தாள்.

கூட வேலை பார்த்த பாண்டிசெல்விக்குக் காய்ச்சல் கண்டது. அதே வார்டில் ஆக்சிஜன் வைத்துப் படுக்கப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து, சப்ரீன் புதுப் பாக்கெட் ஒன்றைக் கிழித்துக் கவச உடையை உதறினாள். தலையை மூடும் பகுதியில், நெற்றி படுகிற இடத்தில், மெரூன் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

சப்ரீன் பொட்டு வைக்கிறவள் இல்லை. கிழித்த பாக்கெட்டை எடுத்துப் புரட்டினாள். பலசரக்குக் கடையில் மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டுவார்களே, அப்படி அடி ஓரம் லேசாகக் கருகிச் சுருண்டிருந்தது. கம்பெனியில் மிஷின் ஒட்டியது இப்படிக் கருகியிருக்காது.

கிட் எடுத்துக் கொடுக்கும் மேட்ரன் இருளம்மாளிடம் நேராகப் போனாள். "அக்கா, இது யாரு பொட்டு?"

"கம்பெனியில பேக்கிங் பண்ற பிள்ளைக பொட்டு வைக்காமலா இருக்கும்? உதிர்ந்திருக்கும். உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்!"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சப்ரீன் உடையை அவளிடம் நீட்டினாள். "அப்ப இதை நீங்க போட்டுக்கங்க. உங்களோடத நான் போட்டுக்கிடுதேன்."

இருளம்மாள் கை நீட்டவில்லை. "செத்த நேரம் இரு" என்று உள்ளே போய், வேறொன்றைக் கொண்டுவந்து, முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள். அவள் கத்தியிருந்தால்கூட சப்ரீனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதை மாட்டிக்கொண்டு பாண்டிசெல்வியின் கட்டிலுக்குப் போனாள். மூச்சுக்குத் தவிக்கிறவளிடம் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். மனசு கேட்கவில்லை.

"ஏட்டி, ஒன் கிட்டுக்குள்ள எதுவும் கெடந்துச்சா?"

பாண்டிசெல்வி மாஸ்க்கை விலக்கினாள். "முடி. நீளமா. பேக்கிங் பண்றவளோடதுன்னு அக்கா சொன்னாவ." மூச்சு வாங்கியது. "நம்பிட்டேன்."

சப்ரீன் அவளுடைய மாஸ்க்கைச் சரிசெய்து, தண்ணீர் கொடுத்து, ட்யூட்டி முடியும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். பிறகு இருளம்மாளிடம் இனி வேலைக்கு வரமாட்டேன் என்று சொன்னாள். வெளியே வந்ததும் சப்ரீன் ஜாபிருக்குப் போன் போட்டாள்.

"வேலைய விட்டுட்டேன். டெஸ்ட் எடுக்காம வீட்டுக்கு வரமாட்டேன். மொதல்ல பிள்ளையத் தொட்டுப் பாருங்க."

"காலையில இருந்தே லேசாச் சுடுது" என்றான் ஜாபிர். "வேலையில இருக்கவள எதுக்குப் பயமுறுத்தணும்னு சொல்லல."